கரை ஒதுங்கும் கட்டைகள்

(11-ஆம் வகுப்பு, உயிரியல் பிரிவு)



இந்த மாதச் சுவரிதழில் நான் எழுத எடுத்துக்கொண்ட பொருள், கடற்கரையில் கிடக்கும் கட்டைகள். "இதைப் பத்தி எழுத என்னா இருக்கு?" என்று சிலர் சிரிக்கலாம். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்!

தாழங்குடாவிலோ தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலோ மழைக்காலம் முடிந்து நடந்து பாருங்கள். கரை முழுக்கக் கட்டை, வேர், மட்டை, கிளை என்று கிடக்கும். அதைப் பார்த்தால் நம்ம ஊரில் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். சிலர், "குப்பை, அள்ளிப் போடணும்" என்கிறார்கள். சிலர், "சும்மா கிடைச்ச விறகு" என்கிறார்கள். இன்னும் சிலர், "அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்கிறார்கள். இந்த மூன்றில் எது சரி? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் முதலில் அந்தக் கட்டை யார், எந்த ஊர், எப்படி வந்தது என்று விசாரிக்க வேண்டும். அந்த விசாரணைதான் இந்தக் கட்டுரை.

1. மரம் ஏன் மிதக்கிறது?

மரத்தின் செல் சுவர் தண்ணீரைவிடக் கனமானது. அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 கிராம். தண்ணீருக்கு 1 கிராம். அப்படியானால் மரம் மூழ்கத்தானே வேண்டும்? ஆனால் காய்ந்த மரத்தில் செல்லுக்குள்ளே வெறும் காற்றுதான் இருக்கிறது. இலட்சக்கணக்கான குட்டிக் குட்டிக் காற்று அறைகள். அதனால்தான் மொத்த மரமும் மிதக்கிறது. முருங்கை மரம் லேசு, தக்கை போல மிதக்கும். கருங்காலி போன்ற மரங்களில் காற்று அறை குறைவு, அதனால் அது மூழ்கிவிடும்.

கடல் தண்ணீரில் உப்பு இருப்பதால் அதன் அடர்த்தி கொஞ்சம் அதிகம், சுமார் 1.025. அதனால் ஆற்றில் முக்கால்வாசி அமிழ்ந்து வரும் கட்டை, கடலுக்குள் போனதும் கொஞ்சம் மேலே எழும்பும்.

ஆனால் எந்தக் கட்டையும் என்றைக்கும் மிதந்துகொண்டே இருக்காது. தண்ணீர் மெல்ல மெல்ல உள்ளே ஏறி, காற்றை வெளியே தள்ளிவிடும். அப்புறம் கட்டை கனத்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஆகவே கரையில் நாம் பார்ப்பது, மூழ்குவதற்கு முன்னால் கரை சேர்ந்த கட்டைகளை மட்டும்தான். மூழ்கினது எவ்வளவோ!

நம் முன்னோர் மரம் மிதப்பதை நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள். லேசான மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டிக் கடலுக்குப் போனார்கள். அதுதான் கட்டுமரம். ஆங்கிலத்தில் கேட்டமரான் என்று சொல்வது நம்முடைய இந்தச் சொல்லைத்தான்.

2. எங்கிருந்து வருகிறது?

(அ) ஆறு கொண்டுவருவது

நம் கரைக்கு வரும் கட்டைகளில் பெரும்பகுதி ஆற்று வழியாகத்தான் வருகிறது. கடலூர் மாவட்டத்தின் பூகோளத்தை ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள். வடக்கே தென்பெண்ணை தாழங்குடா பக்கம் கடலில் விழுகிறது. அதற்குத் தெற்கே கெடிலம். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு. இன்னும் தெற்கே கொள்ளிடம்.

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணை, திருக்கோவிலூர் என்று 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்து நம்ம ஊருக்கு வருகிறது. கொள்ளிடம் திருச்சிக்குப் பக்கத்தில் முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிந்து வருகிறது. கெடிலம் சின்ன ஆறுதான். ஆனால் அது பண்ருட்டி வழியாக வருவதால் பலா, முந்திரிக் கிளைகளையும் கொண்டுவரும். ஆற்றங்கரை மண் அரிக்கும்போது அங்கே நிற்கும் மரம் வேரோடு சாய்கிறது. அடுத்த வெள்ளம் அதைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறது.

சாதாரண நாளில் இந்த ஆறுகளில் மணல்தான் தெரியும். அப்படியானால் மரம் எப்படி வரும்? ஒரே ஒரு பெருவெள்ளம் போதும்! 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணைக் கரையில் இருக்கும் கிராமங்கள் மூழ்கிப் போயின. அந்தத் தண்ணீர் வடிந்த பிறகு முகத்துவாரத்தைப் பார்க்கணுமே! சீமைக்கருவேலம், தென்னை, பனை, மூங்கில், பம்புசெட் கொட்டகையின் கழி, மூட்டை மூட்டையாக ஆகாயத்தாமரை. பல வருஷமாக ஆற்றில் அங்கங்கே சேர்ந்திருந்ததை ஆறு ஒரே நாளில் கொண்டுவந்து கொட்டிவிட்டது.

(ஆ) புயல் சாய்ப்பது

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தது. அந்தப் புயலில் பண்ருட்டிப் பக்கம் பலா மரமும் முந்திரித் தோப்பும் அப்படியே படுத்துவிட்டன. கடலோரச் சவுக்குத் தோப்புகளும் சாய்ந்தன. ஒரு புயல் சாய்க்கும் மரம் எல்லாம் அந்த வருஷமே கடலுக்கு வந்துவிடாது. ஓடையிலும் ஆற்றிலும் சிக்கிக் கிடந்து, அடுத்தடுத்த வெள்ளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

(இ) அலையாத்திக் காடு தருவது

சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், சுமார் 1100 ஹெக்டேர் பரப்பில் அலையாத்திக் காடு. அங்கே சுரபுன்னை, வெண்கண்டல், தில்லை முதலிய மரங்கள் இருக்கின்றன. பட்டுப்போன மரங்களும் உடைந்த வேர்களும் ஓதத்தோடு வெளியே வருகின்றன. சுரபுன்னையின் முளைவிட்ட காயும் மிதந்து வரும். பார்க்க மெலிந்த முருங்கைக்காய் மாதிரி இருக்கும். அது கட்டை இல்லை, உயிருள்ள கன்று! சேறு கிடைத்தால் வேர் விட்டு மரமாகிவிடும்.

(ஈ) தூரதேசத்திலிருந்து வருவது

சித்தப்பா தொழிலுக்குப் போகிறவர். அவர் சொல்வார்: "ஐப்பசி, கார்த்திகையில வன்னி வெள்ளம்டா. வடக்கேருந்து தெக்கே இழுக்கும். அப்போ வர்ற கட்டை எல்லாம் வடக்கத்திக் கட்டை. பங்குனி, சித்திரையில தெண்டி வெள்ளம். தெக்கேருந்து வடக்கே போவும்." நம் மீனவர்கள் கடலில் ஓடும் நீரோட்டத்தையே வெள்ளம் என்கிறார்கள். கடலியல் புத்தகமும் இதையே சொல்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தியாவின் கிழக்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கியும், கோடைத் தொடக்கத்தில் வடக்கு நோக்கியும் ஓடுகிறது.

வங்காள விரிகுடாவைத் தாண்டியும் மிதவைகள் வருவது உண்டு. 2022 மே மாதம் அசானி புயலின்போது ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டக் கரையில் தங்க நிறத்தில் தேர் போன்ற ஒரு மிதவை ஒதுங்கியது ஞாபகம் இருக்கிறதா? மியான்மர் போன்ற கீழைநாட்டிலிருந்து வந்திருக்கும் என்று அப்போது செய்தி வந்தது.

உங்களுக்குத் தெரியுமா?
ஐஸ்லாந்திலும் கிரீன்லாந்திலும் பெரிய மரங்கள் மிகக் குறைவு. ஆனால் ரஷ்யாவின் சைபீரிய ஆறுகள் கொண்டுவரும் மரங்கள் ஆர்க்டிக் கடலின் பனியோடு நகர்ந்து அந்தக் கரைகளுக்குப் போய்ச் சேர்கின்றன. ஆர்க்டிக் பகுதியில் வாழும் இன்யூட் மக்கள் கரை ஒதுங்கிய அந்தக் கட்டையால்தான் படகுக்குச் சட்டம் செய்தார்கள். காடே இல்லாத ஊருக்குக் கடல் காட்டைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது!

3. கட்டையைப் படிப்பது எப்படி?

தபால்தலையைப் பார்த்து நாட்டைச் சொல்வது போல, கட்டையைப் பார்த்து அது வந்த வழியைச் சொல்லலாம். நான் கரையில் பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டது:

• பட்டை உரியாமல், முனை கூராக, மண் ஒட்டியிருந்தால்: அது பக்கத்து ஆற்றிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறது.

• பட்டை இல்லாமல், முனை எல்லாம் மழுங்கி, வெளுத்துப் போயிருந்தால்: அலையிலும் மணலிலும் ரொம்ப நாள் உருண்டிருக்கிறது.

• முனை சமமாக அறுபட்டிருந்தால்: ரம்பம் பட்டது. மனிதர் வெட்டிய மரம்.

• ஆணி, போல்ட், பெயின்ட் இருந்தால்: படகு அல்லது வீட்டுச் சாமான்.

• கட்டை மேல் தண்டு நீட்டிய, நுனியில் வெள்ளை ஓடுள்ள உயிரிகள் கொத்தாக ஒட்டியிருந்தால்: அவை ஒருவகை பார்னக்கிள். இவை மிதக்கும் பொருளில் ஒட்டி வளர்பவை. அந்தக் கட்டை வாரக்கணக்கில் ஆழ்கடலில் மிதந்திருக்கிறது என்று அர்த்தம்.

• உள்ளே சல்லடை மாதிரி ஓட்டை, ஓட்டைக்குள் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு இருந்தால்: அது கப்பல் புழுவின் வேலை.

கப்பல் புழு என்று பெயர்தானே தவிர அது புழுவே இல்லை. மட்டி இனத்தைச் சேர்ந்தது. தலைப்பக்கம் இருக்கும் இரண்டு சின்ன ஓடுகளால் மரத்தைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே போகிறது. மரத்தூளில் உள்ள செல்லுலோஸைச் செரிக்க அதன் செவுளில் வாழும் பாக்டீரியாக்கள் உதவுகின்றன. அந்தக் காலத்து மரக்கப்பல்களுக்கு இதுதான் பெரிய எதிரி. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்த உயிரினம் இல்லாவிட்டால் ஆறுகள் இத்தனை காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மரமெல்லாம் கடலில் எவ்வளவு சேர்ந்திருக்கும்?

4. இரண்டு கோடி வருஷத்துக் கட்டை!

இப்போது நான் சொல்லப்போவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் திருவக்கரை என்று ஓர் ஊர். வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு நம்மில் பலர் போயிருப்போம். அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. அங்கே பெரிய பெரிய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. சில மரங்கள் 30 மீட்டர் வரை நீளம். வயது சுமார் 2 கோடி ஆண்டு. 1781-இல் சோனராட் என்ற ஐரோப்பிய இயற்கை ஆய்வாளர் இதைப் பற்றி எழுதினார். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இந்தப் பூங்காவை ஏற்படுத்தியது.

அந்த மரங்களில் வேரும் கிளையும் இலையும் இல்லை. வெறும் அடிமரம்தான். அதை வைத்துப் புவியியல் அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? அவை அங்கேயே முளைத்து நின்ற மரங்கள் அல்ல. எங்கேயோ நின்றவை. பெருவெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, வழியில் கிளையும் வேரும் முறிந்து, அங்கே வந்து மணலில் புதைந்திருக்கின்றன. பிறகு நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் செல்களுக்குள் புகுந்து கல்லாக்கிவிட்டது. அதாவது, அவை 2 கோடி வருஷத்துக்கு முன் ஒதுங்கிய கட்டைகள்!

இதில் நமக்கு ஒரு பெருமையும் இருக்கிறது. அந்தக் கல்மரங்கள் புதைந்திருக்கும் பாறைக்குப் புவியியல் புத்தகங்களில் கடலூர் மணற்பாறை என்று பெயர். நம்ம ஊர்ப் பெயர்தான்! கேப்பர் மலையில் செக்கச் செவேல் என்று தெரிகிறதே, அதுவும் அந்தப் பாறைதான்.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் (சாத்தனூர் அணை இருக்கும் ஊர் வேறு, இது வேறு) 18 மீட்டர் நீளத்தில் இன்னொரு கல்மரம் இருக்கிறது. அது இதைவிட மிகப் பழையது, டைனோசார்கள் இருந்த காலத்தது. அது கிடக்கும் பாறை கடல் அடியில் உண்டானது. அப்போது கடல் அதுவரைக்கும் இருந்தது. ஆக, அது நிஜமாகவே கடலுக்குப் போய்ச் சேர்ந்த கட்டை.

2024-இல் தென்பெண்ணை செய்ததையும் 2 கோடி வருஷத்துக்கு முந்தைய ஆறு செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலை ஒன்றேதான். மலையில் இருப்பதைக் கடலுக்குக் கொண்டுபோவது ஆற்றின் வேலை. மணலும் மரமும் அந்தச் சரக்கில் சேர்த்தி. அப்படியானால் கட்டை கரைக்கு வருவது இயற்கை. குப்பை என்று சொல்ல வேண்டியது அதோடு கலந்து வரும் பிளாஸ்டிக்கைத்தான். 2 கோடி வருஷத்துக் கட்டையோடு ஒரு பிளாஸ்டிக் பாட்டில்கூட இல்லையே!

5. நம்ம ஊரில் என்னென்ன பயன்?

விறகு: முதல் பயன் இதுதான். இதைத் தனியாகச் சொல்கிறேன்.

தொழில் சாமான்: உருண்டையான கட்டை படகைக் கரைக்கு ஏற்ற உருளையாகும். வளைந்த கட்டை படகுக்கு முட்டுக்கொடுக்க. நீளமானது வலை காயப்போடும் கழி.

வேலி, கொட்டகை: கடல் தண்ணீர் ஊறிய சவுக்குக் கழியை வேலிக்கு நடுவார்கள்.

மீன் பிடிக்க: நடுக்கடலில் ஒரு கட்டை மிதந்தால் அதன் நிழலில் மீன் கூடும். முதலில் சின்ன மீன், அதைத் தின்னப் பெரிய மீன். இது தொழிலுக்குப் போகும் எல்லாருக்கும் தெரியும். தென்னை மட்டையையும் மரக்கிளையையும் கட்டிக் கடலில் இறக்கி மீனைக் கூட்டுவதும் இதே அறிவுதான். அதே கட்டை இராத்திரியில் ஃபைபர் படகில் மோதினால் படகு கிழியும், வலையில் சிக்கினால் வலை போச்சு. அதையும் சொல்ல வேண்டும்.

அழகுப் பொருள்: மீன் தொட்டிக் கடைகளில் இப்படிப்பட்ட கட்டைகளை விலைக்கு விற்கிறார்கள். பல நாள் ஊறவைத்து, கொதிக்கவைத்து, உப்பும் சாயமும் போனபிறகுதான் தொட்டியில் வைக்கலாம். கேரளாவில் குமரகத்தில் இந்தக் கட்டைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஓர் ஆசிரியை அந்தமானில் வேலை பார்த்தபோது கடற்கரையில் சேகரித்த கட்டைகளைச் சீவிச் சுத்தம் செய்து, பறவை, விலங்கு உருவம் தெரியும்படி வைத்திருக்கிறார். நம் ஓவிய ஆசிரியர் கவனிக்க!

6. அடுப்பில் வைக்கலாமா?

இந்தக் கட்டுரையில் ரொம்ப முக்கியமான பகுதி இது. ஏனென்றால் நம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் இந்தக் கட்டை எரிகிறது. என் வீட்டிலும்தான். கேஸ் தீர்ந்த மாசத்தில் ஆயா கடற்கரைக்குப் போய்ச் சுள்ளி பொறுக்கி, தலைச்சுமையாகக் கொண்டுவருவாங்க.

அந்த நெருப்பைக் கவனித்திருக்கிறீர்களா? ஓரத்தில் நீலமாகவும் பச்சையாகவும் எரியும். சின்ன வயசில் நான் அதை வேடிக்கை பார்ப்பேன். கட்டையில் ஏறியிருக்கும் கடல் உப்புகள் எரிவதால் வரும் நிறம் அது. அழகாகத்தான் இருக்கும். ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது.

கடல் உப்பில் குளோரின் இருக்கிறது. உப்பேறிய மரம் எரியும்போது அந்தக் குளோரினும் மரத்தின் கார்பனும் சேர்ந்து டையாக்சின் என்ற நச்சுப் பொருட்கள் உண்டாகின்றன. சாதாரண விறகைவிட உப்பேறிய விறகில் இது அதிகம் என்று ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள். டையாக்சின் உடம்பின் கொழுப்பில் தங்கிவிடும், லேசில் போகாது. புற்றுநோய்க்கும் காரணமாகலாம். கண் எரிச்சலும் இருமலும் உடனே தெரியும். இது மட்டும் உடனே தெரியாது. அதுதான் ஆபத்து.

வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். நீங்களும் செய்யலாம். கரையில் எடுத்த கட்டையிலிருந்து ஒரு கைப்பிடி சிராய் சீவி, ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவையுங்கள். அந்தத் தண்ணீரை வடிகட்டி ஒரு எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். தண்ணீர் வற்றியதும் தட்டில் வெள்ளையாகப் படியும். அதுதான் உப்பு. வீட்டு வேப்பங்கட்டைச் சிராயில் செய்தால் அப்படி வெள்ளையாகப் படியாது.

தட்டை ஆயாவிடம் காட்டி விளக்கினேன். ஆயா தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமாண்டா கண்ணு, உப்புதான். அதுக்கு இன்னா பண்றது? காசு குடுத்துக் கேஸ் வாங்கறவங்க எரிக்காத எரிக்காதன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. சோறு எதுல வேவும்?" என்று கேட்டாங்க. அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. அது நியாயமான கேள்வி. அதனால் "எரிக்கவே கூடாது" என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் இல்லை. எங்கள் வீட்டில் பேசி முடிவு செய்ததை எழுதுகிறேன்:

• வெள்ளம் வடிந்த உடனே, ஆற்றோரத்தில் கடல் தண்ணீர் படாமல் ஒதுங்கிய கட்டைகளை மட்டும் அடுப்புக்கு எடுப்பது. அதில் உப்பு இல்லை. ஆற்றுக் கட்டை எது, கடல் கட்டை எது என்று மேலே 3-ஆம் பகுதியில் சொன்னபடி கண்டுபிடிக்கலாம்.

• கடலில் ஊறி வெளுத்த கட்டையை வேலிக்கும் முட்டுக்கும் பந்தல் காலுக்கும் வைப்பது. அடுப்புக்கு வேண்டாம்.

• பெயின்ட் பூசிய படகுப் பலகை, ஃபைபர் ஒட்டிய கட்டை, பிளைவுட் இவற்றை எங்கேயும் எரிக்கவே கூடாது. தண்ணீர் காயவைக்கக்கூட வேண்டாம்.

• எந்த விறகானாலும் புகை வெளியே போகிற மாதிரி அடுப்பு இருக்க வேண்டும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊதக் கூடாது.

தில்லைக் கட்டை எச்சரிக்கை!
சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரம் பிச்சாவரத்தில் இருக்கிறது. கோயிலின் தலமரமும் அதுதான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கும். அதை எரித்தால் வரும் புகையும் கண்ணுக்குக் கெடுதல். என்ன மரம் என்று தெரியாத உப்பங்கழிக் கட்டையை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். தவிரவும் பிச்சாவரம் காப்புக்காடு. அங்கே பட்ட மரத்தைக்கூட எடுக்கக் கூடாது.

7. கரையிலேயே கிடந்தால் என்ன நன்மை?

கரையின் மேட்டில் கிடக்கும் ஒரு கட்டையைப் பாருங்கள். காற்று அடித்துவரும் மணல் அதில் தடுத்துக் குவியும். அந்த மணலில் அடப்பங்கொடி படரும், இராவணன் மீசை முளைக்கும். கொடியின் வேர் மணலைப் பிடித்துக்கொள்ளும். இப்படித்தான் மணல்மேடு வளர்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த ஊர் நம்ம ஊர். மணல்மேடும் மரமும் கடலுக்கும் ஊருக்கும் நடுவில் நிற்பது எவ்வளவு முக்கியம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கட்டைக்கு அடியில் நிழலும் ஈரமும் இருக்கும். நண்டு, பூச்சி அங்கே தங்கும். அவற்றைத் தின்னப் பறவை வரும். மரம் மக்கினால் அந்தச் சத்தும் கரைக்கே சேரும். மூழ்கிப்போன கட்டையும் வீண் இல்லை. இருட்டான ஆழ்கடலில் அது விழுந்த இடத்தில் மரம் தின்னும் மட்டி இனங்கள் குடியேறி, அவற்றைச் சுற்றி வேறு உயிர்களும் சேர்கின்றன.

ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஜனவரியிலிருந்து சில மாதங்கள் பங்குனி ஆமைகள் நம் கரைக்கு முட்டையிட இராத்திரியில் ஏறி வருகின்றன. பெரிய அடிமரம் குறுக்கே கிடந்தால் ஆமை திரும்பிப் போய்விடும், அல்லது மாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட பெரிய மரத்தை மட்டும் பெரியவர்கள் சேர்ந்து மேட்டுக்கு உருட்டிவிட்டால் போதும்.

8. சேகரிக்கப் போகிறவர்களுக்கு

1. வெள்ளம் ஓடும்போது ஆற்றில் இறங்கிக் கட்டை பிடிக்காதீர்கள். மேலே தெரியும் கிளை சின்னது, தண்ணீருக்கு அடியில் வரும் அடிமரம் பெரியது. அது இடித்தால் நீச்சல் தெரிந்தவரும் பிழைப்பது கஷ்டம்.

2. கட்டையைக் கையால் புரட்டாதீர்கள். வெள்ளத்தில் பாம்பும் அதே கட்டையைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கும். ஒரு கழியால் தட்டிப் பாருங்கள்.

3. அலை தொடும் இடத்தில் கிடக்கும் பெரிய மரத்தில் ஏறி உட்காராதீர்கள். அடுத்த அலை அதை உருட்டும்.

4. தேக்கு, சந்தனம் போன்ற மரமோ, முத்திரை அடித்த மரமோ ஒதுங்கினால் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். வனச் சட்டம் மிதந்து வந்த மரத்துக்கென்றே தனி விதி வைத்திருக்கிறது. உரிமைக்காரர் நிரூபிக்கும் வரை அது அரசுடைமை என்பதே அந்த விதி.

5. படகின் பலகையோ வீட்டின் கதவோ ஒதுங்கினால் முதலில் யாருடையது என்று விசாரியுங்கள். "சுனாமிக்கு அப்புறம் ஒதுங்கின கதவை எல்லாம் சனங்க தேடித் தேடி வந்து எடுத்துட்டுப் போனாங்க" என்று ஆயா சொல்வாங்க.

9. முடிவாக

குப்பையா, விறகா, கிடக்கட்டுமா என்ற மூன்று கேள்விக்கும் எனக்குத் தெரிந்த பதில் இதுதான். பிளாஸ்டிக், கண்ணாடி, கிழிந்த வலை, பெயின்ட் பலகை எல்லாம் குப்பை, அள்ள வேண்டும். ஆற்றோரத்துக் கட்டை விறகு, தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம். மேட்டில் கிடக்கும் வெளுத்த கட்டை கரைக்குச் சொந்தம், அதை விட்டுவிட வேண்டும். நம் பள்ளிப் பசுமைப் படை இந்த வருஷம் கடற்கரையைச் சுத்தம் செய்யப் போகும்போது இப்படிப் பிரித்து வேலை செய்யலாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதோடு, வெள்ளம் வடிந்த வாரத்தில் ஆற்றோரக் கட்டைகளை நாமே சேர்த்து, விறகு வாங்க முடியாத வயதானவர்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட்டால் ஆயாவின் கேள்விக்கும் கொஞ்சம் பதில் கிடைக்கும்.

விடை சொல்லுங்கள் பார்க்கலாம்! (விடைகள் இந்தக் கட்டுரையிலேயே இருக்கின்றன.)

1. செல் சுவர் தண்ணீரைவிடக் கனமாக இருந்தும் மரம் ஏன் மிதக்கிறது?
2. கப்பல் புழு எந்த இனத்தைச் சேர்ந்தது?
3. திருவக்கரைக் கல்மரங்கள் வேறு இடத்திலிருந்து வந்தவை என்பதற்கு என்ன சான்று?
4. கடல் கட்டை எரியும்போது நீல நிறம் ஏன் வருகிறது?
5. சிதம்பரத்தின் பழைய பெயருக்குக் காரணமான மரம் எது? அதன் கட்டையை ஏன் எரிக்கக் கூடாது?

ஐந்துக்கும் சரியாக விடை எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுப்பவர்களின் பெயர் அடுத்த மாதச் சுவரிதழில் வரும்.